கிணறு இறங்கினால் கயிறு நீள வேண்டும்: சொந்த இடத்தில் முதுமை, ஓர் எளிய விளக்கம்

“என் கட்டை இந்த ஊரிலேயே வேகட்டும்” என்று ஒருமுறையாவது சொல்லாத முதியவர் நம் குடும்பங்களில் குறைவு. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ துபாய்க்கோ அழைக்கும்போதெல்லாம் வரும் பதில் இது. இந்த விருப்பத்துக்கு முதியோர் நலத் துறையில் ‘ஏஜிங் இன் பிளேஸ்’ என்று பெயர். தமிழில் ‘சொந்த இடத்தில் முதுமை’ என்று வைத்துக்கொள்வோம். தமக்குப் பழகிய வீட்டிலும் தெருவிலும், பாதுகாப்பாகவும், இயன்றவரை தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டும், தம் விருப்பப்படியும் ஒருவர் முதுமையைக் கழிப்பது என்பது இதன் பொருள்.

பெயர் பரவிய அளவுக்குப் பொருள் பரவவில்லை. முதியோர் இல்லத்துக்கு அனுப்பாமல் இருப்பதுதான் சொந்த இடத்தில் முதுமை என்று சிலர் கருதுகிறார்கள். கூட்டுக் குடும்பம் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேறு சிலர் பேசுகிறார்கள். கூடத்தில் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டு, “அம்மா அங்கேயே நிம்மதியாக இருக்கிறார்” என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் ஒரே பிழை இருக்கிறது. முதியவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதைப் பார்க்காமல் விடுகின்றன. சொந்த வீட்டில் இருந்தும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குளிக்க முடிகிறது, இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சி மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்றால், அதற்குச் சொந்த இடத்தில் முதுமை என்று பெயர் இல்லை.

இது ஏதோ சில வீடுகளின் கவலையாக இருந்த காலம் போய்விட்டது. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புகளின்படி 2021-இல் தமிழகத்தில் 60 வயதைக் கடந்தோர் 13.6 விழுக்காடு, 2031-இல் இது 18.2 விழுக்காடாகும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மறுபக்கம், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கூடுகிறார்கள், பார்த்துக்கொள்ளும் கைகள் குறைகின்றன.

கிணறும் கயிறும்

கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தை, மாசி வரை பத்து முழக் கயிறு போதும். சித்திரையில் நீர்மட்டம் இறங்குகிறது, வாளி தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. உடனே வேறு வீடு பார்க்க யாரும் கிளம்புவதில்லை. கிணற்றில்தான் தண்ணீர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவதும் இல்லை. கயிற்றை இரண்டு முழம் நீட்டுகிறோம்.

இந்தக் கிணற்றின் நீர்மட்டம்தான் முதியவரின் உள்ளார்ந்த திறன். அதாவது பார்வை, செவி, தசை வலு, நினைவு, மனநிலை என்று உடலும் மனமும் சேர்ந்து ஒருவருக்குத் தரும் மொத்த ஆற்றல். கயிறு என்பது சூழல்: வீட்டின் அமைப்பு, தெரு, மூக்குக் கண்ணாடி முதல் கைத்தடி வரையிலான கருவிகள், உதவிக்கு வரும் மனிதர்கள், கையில் இருக்கும் பணம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். வாளியில் ஏறி வரும் தண்ணீருக்குச் செயல்திறன் என்று பெயர். தாம் மதிக்கும் வாழ்க்கையை வாழ ஒருவர் உண்மையில் என்னென்ன செய்ய முடிகிறதோ அது. உலகச் சுகாதார நிறுவனம் முதுமையும் ஆரோக்கியமும் பற்றி 2015-இல் வெளியிட்ட உலக அறிக்கை இந்தப் பாகுபாட்டின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

இப்படிப் பிரித்துப் பார்க்காதவரை, “வயதாகிவிட்டது, இனி முடியாது” என்ற ஒற்றை வாக்கியத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிரித்துப் பார்த்தால் ‘முடியாது’ என்பதில் எவ்வளவு உடலுடையது, எவ்வளவு வீட்டுடையது என்று கேட்கத் தோன்றும். முழங்கால் தேய்ந்த இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மின்தூக்கி இல்லாத அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். மற்றவர் தரைத்தளத்தில், வாசலிலேயே கைப்பிடி உள்ள வீட்டில் இருக்கிறார். முழங்கால்களின் எக்ஸ்ரே ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் முதலாமவர் வெளியே வந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். இரண்டாமவர் காலையில் பால் வாங்கிவிட்டு, பூக்காரம்மாவிடம் ஊர்க்கதை பேசிவிட்டு உள்ளே போகிறார்.

சுருக்கமாகச் சொன்னால், திறன் குறைவதை முழுவதும் தடுக்க இயலாது. திறனுக்கும் சூழலுக்கும் இடையே விழும் இடைவெளியைக் குறைக்க இயலும். அந்த இடைவெளியைத் தொடர்ந்து அளந்து, தொடர்ந்து நிரப்புவதுதான் சொந்த இடத்தில் முதுமை என்னும் கருத்தின் உள்ளடக்கம்.

நீர்மட்டம் இறங்குவதை அளப்பது எப்படி?

நம் வீடுகளில் முதுமையை நோயின் பெயரால்தான் பேசுகிறோம். “சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, கண்ணில் புரை இருக்கிறது” என்கிறோம். சொந்த வீட்டில் வாழ முடியுமா என்பதற்கு இந்தப் பட்டியல் போதாது. முதியோர் மருத்துவத்தில் கேட்கும் கேள்வி வேறு: இவரால் எந்தெந்த வேலைகளைத் தாமே செய்ய முடிகிறது?

அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறும் அடிப்படை அன்றாடச் செயல்கள். பெரும்பாலும் முதலில் கைநழுவுவது குளியல், கடைசிவரை நிற்பது உண்ணுதல். நோயிலிருந்து மீளும்போது இந்தத் திறன்கள் திரும்பும் வரிசை, குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை ஒத்திருப்பதைக் காட்ஸ் குறிப்பிட்டிருக்கிறார். குழந்தைக்கு முதலில் ஊட்டுவதை நிறுத்துகிறோம், குளிப்பாட்டுவதைக் கடைசியாகத்தான் நிறுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருத்தம் விளங்கும்.

ஆனால் இந்த ஆறையும் செய்யத் தெரிந்தவர் தனியே வாழ்ந்துவிட முடியும் என்று சொல்வதற்கில்லை. மாத்திரையை வேளை தவறாமல் எடுப்பது, சமைப்பது, கடைக்குப் போவது, துணி துவைப்பது, வீட்டைப் பெருக்கித் துடைப்பது, பேருந்தேறி வெளியே போய் வருவது, தொலைபேசியைப் பயன்படுத்துவது, பணத்தைக் கையாள்வது என எட்டுச் செயல்களைப் பவல் லாட்டன், எலைன் புரோடி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1969-இல் தனியாகத் தொகுத்தார்கள். இவற்றைத் தனிவாழ்வுக்கான செயல்கள் என்று அழைக்கலாம். சரிவு வழக்கமாக இங்கேதான் தொடங்குகிறது. குழம்பில் இரண்டு முறை உப்பு விழுவதும், பிரிக்காத மின்கட்டண ரசீது அலமாரியில் கிடப்பதும், ஒரே மாத்திரை அட்டை மூன்று வாரமாகத் தீராமல் இருப்பதும் விழுந்து எலும்பு முறிவதற்கு வெகுகாலம் முன்பே தோன்றும் அடையாளங்கள். பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்கு வந்து போகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது முகம் வாடியிருக்கிறதா என்பதை விட இவற்றைத்தான். முகம், பிள்ளைகளைக் கண்டதும் மலர்ந்துவிடும்.

நடையை அளக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. கைவைத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எழுந்து, மூன்று மீட்டர் வழக்கமான நடையில் சென்று, திரும்பி வந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று கருதி மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும் என்பதைத் தவிர இதற்கு எந்த ஏற்பாடும் தேவையில்லை.

குளியலறை: கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம்

வீட்டில் முதியவரிடம் மிக அதிகமாகக் கேட்கும் அறை குளியலறைதான். கூடத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்த தரை, அதற்கு நடுவே ஒரு நிலைப்படி, சோப்பு நுரை படிந்த வழுவழு டைல்ஸ், நாற்பது வாட் குண்டு பல்பு, குனிந்து மொள்ள வேண்டிய அண்டா, குந்தி அமர வேண்டிய கழிப்பறை, உள்ளே போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள். இளவயதில் இவை நம் கண்ணில் படுவதே இல்லை. எழுபத்தைந்து வயதில் ஒவ்வொன்றும் ஒரு தேர்வாக மாறுகிறது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் நிலையாக நிற்பதற்குக் கண், உட்செவி, உள்ளங்கால் ஆகிய மூன்றிடமிருந்தும் மூளைக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. வந்த செய்திக்கேற்பத் தசைகள் நொடிக்குள் திருத்திக்கொள்கின்றன. இரவில் விளக்கில்லாமல் நடந்தால் கண் தரும் செய்தி போய்விடுகிறது. நெடுநாள் நீரிழிவில் உள்ளங்கால் மரத்துப்போயிருந்தால் கால் தரும் செய்தியும் போய்விடுகிறது. இதோடு படுக்கையிலிருந்து சட்டென எழும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை கிறுகிறுக்கிறது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் இதை அதிகமாக்கும். ஆக, இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, நிலைப்படி தடுக்கி விழுவது வெறும் கவனக்குறைவு அன்று. நான்கைந்து காரணங்கள் ஒரே நொடியில் கூடிவிட்டதன் விளைவு.

டெல்டாப் பக்கத்து ஊர் ஒன்றில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்தபடியே கூடத்தில் கேமரா வைத்திருந்தான். பெரியம்மா விழுந்தது குளியலறையில். அங்கே கேமரா இல்லை, இருக்கவும் கூடாது. கால் வழுக்கியதும் அவர் கைக்கு அகப்பட்டது துண்டு போடும் கம்பி. அது இரண்டு சின்னத் திருகாணிகளோடும் பிளாஸ்டிக் அடைப்புகளோடும், கொஞ்சம் சுண்ணாம்புப் பூச்சோடும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. ஊன்றிய மணிக்கட்டு முறிந்தது. தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கினார்கள்.

துண்டுக் கம்பி வேறு, கைப்பிடிக் கம்பி வேறு. இதைத் தனியே எடுத்துச் சொல்லக் காரணம், பெரும்பாலான வீடுகளில் முதியவர்கள் முன்னதைத்தான் பின்னதாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பி ஒரு முழு ஆளின் எடையைத் தாங்க வேண்டும். ஆகவே அது பூச்சில் நிற்காமல் செங்கல்லுக்குள் இறங்கும் ஆணியில் நிற்க வேண்டும். விரல்கள் சுற்றிப் பிடிக்கிற பருமன், அதாவது மூன்று நான்கு சென்டிமீட்டர், போதும். கழிப்பறை இருக்கைக்குப் பக்கச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. குந்தும் கழிப்பறையை இடித்து மாற்ற வசதியில்லாத வீடுகளில், நடுவே துளையுள்ள நாற்காலியை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடைகளில் ‘கமோடு சேர்’ என்று கேட்டால் தருவார்கள். நின்று குளிப்பதற்குப் பதில் உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி வேண்டும், கால்கள் அகன்றதாக, அடியில் ரப்பர் உள்ளதாக. அண்டாவையும் உயர்த்தி வைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவாக இருந்தால் விழுந்து கிடப்பவரின் உடலே அதை அடைத்துக்கொள்ளும். பெரியம்மா வீட்டில் இவ்வளவையும் செய்வதற்கு ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் பிடித்தது. செலவு, மணிக்கட்டு முறிவுக்குக் கட்டிய தொகையில் சிறு பகுதிகூட இல்லை.

இறையாத கேணி

‘இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும்’ என்பார்கள். முதியோர் பராமரிப்பில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுதான்.

மணிக்கட்டு ஆறியதும், இனி எந்த ஆபத்தும் வரக்கூடாது என்று வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை மகன் ஏற்பாடு செய்தான். நல்ல பெண். காபி படுக்கைக்கே வந்தது. தட்டு கைக்கே வந்தது. செம்பை எடுக்கக்கூடப் பெரியம்மா குனியவில்லை. ஆறு மாதம் கழித்து நான் போனபோது நாற்காலியிலிருந்து எழ அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முறிந்தது மணிக்கட்டு, போனது கால்.

இதற்குப் பின்னால் உள்ள உடலியல் எளியது. பயன்படுத்தாத தசை கரைகிறது. முதுமையில் இது வேகமாக நடக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், அந்தப் பத்து நாளுக்குள் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. லாட்டனும் லூசில் நாஹெமோவும் 1973-இல் இதையே சூழலின் பக்கமிருந்து விளக்கினார்கள். ஒரு சூழல் ஒருவரிடம் எவ்வளவு கேட்கிறது என்பதைச் சூழல் அழுத்தம் என்று அழைத்தார்கள். திறனைவிட அழுத்தம் மிக அதிகமாகிவிட்டால் மனிதர் தோற்கிறார். மிகக் குறைந்துவிட்டால் சோம்பிச் சுருங்குகிறார். திறனுக்கு ஒட்டினாற்போல் அழுத்தம் இருக்கும் ஒரு நடுப்பட்டைதான் அவரை வாழ வைக்கிறது.

ஆகவே உதவி என்பது வேலையைப் பிடுங்கிக்கொள்வது அன்று. கீரை ஆய்வது, அப்பளம் காய வைப்பது, விளக்கேற்றுவது, தம் துணியைத் தாமே மடிப்பது ஆகியவை பொழுதுபோக்காகத் தோன்றினாலும் உண்மையில் உடற்பயிற்சிகள். குளிப்பதற்கு முதுகு தேய்க்க மட்டும் ஆள் தேவையென்றால் முதுகை மட்டும் தேய்த்துவிட வேண்டும். பெரியம்மாவுக்கு இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சியும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான், காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. கூடவே, உதவிக்கு வந்த பெண் அடுப்படியை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இரண்டாவது அறிவுரையைப் பின்பற்றுவதுதான் அந்த வீட்டில் கடினமாக இருந்தது.

இதுவரை பார்த்ததில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கயிறு குட்டையாக இருந்தால் தண்ணீர் வராது. இறைக்கும் வேலையையே கையிலிருந்து வாங்கிவிட்டால் ஊற்று தூர்ந்துபோகும்.

‘இடம்’ என்பது நான்கு சுவர் மட்டும் இல்லை

நினைவு தளரத் தொடங்கியவர், நாற்பது ஆண்டு புழங்கிய அடுக்களையில் கடுகு டப்பாவை இருட்டிலும் எடுத்துவிடுவார். அதே மனிதர் மகனுடைய புதிய அடுக்ககத்தில் எந்தப் பொத்தான் எந்த விளக்குக்கு என்று தெரியாமல் நிற்பார். நெடுங்காலப் பழக்கம் தனியொரு நினைவாகக் கையிலும் காலிலும் படிந்துகிடக்கிறது. இடம் மாறும்போது அந்த நினைவுக்கு வேலையில்லாமல் போகிறது. மளிகைக் கடைக்காரருக்கு நம் கணக்கு தெரியும், கோயில் குருக்களுக்கு நம் நட்சத்திரம் தெரியும், இரண்டு நாள் வாசல் தெளிக்காவிட்டால் எதிர்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். இவையும் கயிற்றின் இழைகள்தான். அதனால், மாடியிலிருந்து அதே தெருவில் ஒரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோவது சொந்த இடத்தை விட்டுப் போனதாகாது. தெருவில் நடைபாதை இல்லாமல், பேருந்தின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்குமானால், சொந்த வீடு சிறையாவதும் உண்டு.

தமிழகத்தில் என்னென்ன இழைகள் இருக்கின்றன?

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. இந்தியாவில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வேர்விட்டதே சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். மருத்துவர் வ. செ. நடராசன் 1978-இல் அங்கே முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

வீட்டுக்கு வரும் சேவைகளும் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும், தீராத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் இதே திட்டத்தின் வழியாக வீட்டுக்கு வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், தொடக்கத்தில் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. லாட்டன் பட்டியலில் ‘கடைக்குப் போவது’ என்ற வரிக்கு நேராக வைக்கத்தக்க திட்டம் இது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றை 2020 நவம்பர் முதல் அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. சென்னை மாநகரப் பேருந்துகளில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன்கள் தருகிறார்கள்.

பணத்தின் பக்கம் நிலை மெலிவானது. முதியோர் உதவித்தொகையை மாநில அரசு 2023-இல் ஆயிரம் ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு இதில் மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பராமரிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறவும் இந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்துக்கே அந்தப் பிரிவு பொருந்துவதால், பத்திரம் எழுதும்போதே அந்த நிபந்தனையைத் தெளிவாகச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு. உதவிக்கும் முறையீட்டுக்கும் 14567 என்னும் முதியோர் உதவி எண் இருக்கிறது.

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. தேவையான திட்டம்தான். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால் கிடைப்பது. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைக்குப் பணம் உண்டு. முறியாமல் தடுத்திருக்கக்கூடிய கைப்பிடிக் கம்பிக்குப் பணம் இல்லை. நம் ஏற்பாடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இழைகளை முறுக்குவது யார்?

ஜப்பான் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதுமையில் அன்றாடச் செயல்களுக்குத் தேவைப்படும் உதவிக்கு, மருத்துவச் செலவுக்குச் செய்வதைப் போலவே முன்கூட்டிப் பணம் சேர்த்து வைக்கும் முறை அது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அனைவரும் சந்தா கட்டுகிறார்கள். செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. உதவி தேவைப்படும்போது உள்ளாட்சியிடம் விண்ணப்பித்தால், வீட்டுக்கு வந்து பார்த்து, ஏழு நிலைகளில் எந்த நிலை என்று முடிவு செய்கிறார்கள். சேவைக் கட்டணத்தில் பெரும்பாலானோர் பத்து விழுக்காட்டைத் தாமே செலுத்துகிறார்கள். கைப்பிடி பொருத்துவது, நிலைப்படியை நீக்குவது போன்ற வீட்டு மாற்றங்களுக்கு இரண்டு லட்சம் யென் வரையிலான செலவும் இந்தக் காப்பீட்டிலேயே அடங்கும்.

எனக்கு இதில் பணத்தைவிட முக்கியமாகப் படுவது ‘கேர் மேனேஜர்’ என்று அவர்கள் அழைக்கும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். வீட்டிலிருந்தபடி சேவை பெறும் முதியவருக்கு இப்படி ஒருவர் இருக்கிறார். வாரத்தில் எந்த நாள் குளிக்க உதவும் ஆள் வருவார், எந்த நாள் பகல்நேர மையத்தின் வண்டி வாசலுக்கு வரும், எந்தக் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று ஒரே தாளில் திட்டம் போடுகிறார். மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்த்து, நிலை மாறியிருந்தால் திட்டத்தை மாற்றுகிறார். நீர்மட்டத்தை அளந்து கயிற்றை நீட்டுவதையே அவர் தொழிலாகச் செய்கிறார்.

நம்மிடம் இழைகள் இருக்கின்றன, முறுக்குகிறவர் இல்லை. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் சுகாதாரத் துறையின் கீழ், ரேஷன் கூட்டுறவுத் துறையின் கீழ், உதவித்தொகை வருவாய்த் துறையின் கீழ், பகல்நேர மையம் சமூக நலத் துறையின் கீழ் வருகின்றன. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தாலும், அந்தப் பாட்டியின் குளியலறையில் கம்பி ஆடுகிறது என்பது எவருடைய பதிவேட்டிலும் ஏறாது. மாதந்தோறும் வாசல் வரை வந்துவிட்ட தன்னார்வலருக்குப் பயிற்சியும், கூடுதல் ஊதியமும், எட்டுப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளும் கொடுத்தால் நம் ஊருக்கான ஒருங்கிணைப்பாளர் அங்கிருந்தே உருவாகக்கூடும் என்பது என் எண்ணம். ஊதியம் இல்லாமல் இன்னொரு பொறுப்பை அந்தப் பெண்களின் தலையில் கட்டுவது மட்டும் கூடாது.

இன்று இந்த வேலையைக் குடும்பத்தில் யாரோ ஒரு பெண்தான், பெயரும் கூலியும் இல்லாமல், செய்துகொண்டிருக்கிறாள்: மனைவி, மகள், அல்லது மருமகள். முதியவரின் செயல்திறனைப் பற்றிப் பேசும்போது அவளுடைய திறனும் அளவுள்ள கிணறுதான் என்பதை மறந்துவிடுகிறோம். அவளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மாற்றாள் வருவதை இடைக்கால ஓய்வுப் பராமரிப்பு என்று அழைக்கிறார்கள். பல வீடுகளில் முதியவர் தம் இடத்திலேயே தொடர்வதும் தொடராததும் இந்த ஒரு நாளைச் சார்ந்தே இருக்கிறது.

எப்போது வீடு பொருந்தாமல் போகும்?

எல்லாருக்கும் கடைசி நாள் வரை வீடுதான் என்பது விதியன்று. மறதிநோய் முற்றி நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறவர், இருவர் சேர்ந்து தூக்கினால்தான் புரட்டிப் படுக்க வைக்க முடிகிறவர், அடுப்பை அணைக்க மறந்து ஏற்கெனவே இரண்டு முறை துணி பற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு, கயிற்றை எவ்வளவு நீட்டினாலும் போதாத ஒரு கட்டம் வருகிறது. அப்போது நல்லதொரு பராமரிப்பு இல்லத்துக்கு மாறுவது கைவிடுதல் ஆகாது. வீட்டில் வைத்திருக்கிறோம் என்ற பெயருக்காக ஓர் அறைக்குள் பூட்டி வைப்பதுதான் கைவிடுதல். அந்த முடிவை எடுக்கும்போது அவரிடம் கேட்க முடிகிற காலத்திலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் சொத்தைப் பற்றிக் கேட்கிறோமே தவிர இதைக் கேட்பதில்லை.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தொன்று. எங்கள் குடும்பத்து ஒருங்கிணைப்பாளர் என் அக்காதான். வேறு ஊரில் இருந்துகொண்டு தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் நடத்துகிறாள். அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பக்கம். இடப்புறம் பெரியம்மா தாமே செய்பவை, வலப்புறம் உதவியோடு செய்பவை. போன மாதம் ‘முதுகு தேய்த்தல்’ வலப்பக்கத்துக்கு மாறியிருக்கிறது. ‘மாடிப்படி’ என்று எழுதி அடித்திருக்கிறாள். மாடியில் காயப்போடும் துணிக்கொடியை முற்றத்துக்கு இறக்கிவிட்டார்களாம்.